முகமும் சுட்டும்

ஒரு பட்டியலைப் பற்றிப் பேச வேண்டும். ஆங்கிலத்தில், இணையம் வழியாக நடக்கும் ரோல்பிளே குழு ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது விதிமுறைகள். அடுத்தது இந்தப் பட்டியல். இடப்பக்கம் நடிகர்கள், மாடல்கள், பாடகர்களின் பெயர்கள் அகரவரிசையில். வலப்பக்கம் யாரும் கேள்விப்பட்டிராத கற்பனைப் பெயர்கள். இன்ன நடிகையின் முகம் இன்ன பாத்திரத்துக்கு எடுக்கப்பட்டுவிட்டது, இனி இந்தக் குழுவில் வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்பது இதன் பொருள். இதற்கு 'ஃபேஸ் கிளெய்ம்' என்று பெயர், அதாவது முகத்தின்மேல் உரிமை கோருதல். சில இடங்களில் 'பிளேட் பை' என்பார்கள். இன்னார் நடிக்கும் பாத்திரம் என்று கொள்ளலாம். புறம்போக்கில் கல்லை நட்டுவிட்டு 'இது என்னுது' என்று சொல்வதுபோலத்தான் வாசிக்கிறபோது தோன்றுகிறது. என்ன, கல் நடப்பட்டிருக்கும் இடம் யாரோ ஒருவருடைய நெற்றியும் மூக்கும் கன்னமும்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இரண்டு பேரோ இருபது பேரோ சேர்ந்து ஒரு கற்பனை ஊரை உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம், சிலருக்கு ஐந்தாறுகூட. அவள் கதவைத் திறந்தாள் என்று ஒருவர் எழுதி நிறுத்துவார்; உள்ளே இருந்தவன் என்ன செய்தான் என்பதை இன்னொருவர் எழுதுவார். அடுத்தவர் பாத்திரத்தின் வாயில் வசனம் போடக்கூடாது. கதை எங்கே போகும் என்பது எழுதுகிற யாருக்கும் முழுதாகத் தெரியாது. நம் சிற்றிதழ்கள் தொண்ணூறுகளில் ஆசிரியனின் மரணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. அந்தப் பேச்சு எதையும் கேள்விப்பட்டிராத பதினாறு வயதுப் பிள்ளைகள் ஆசிரியன் இல்லாத பிரதியை இரவிரவாக எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. நான் இதை 'எழுத்தாட்டம்' என்று சொல்லிக்கொள்கிறேன். 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டு இதன் ஒரு வேர். எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' இன்னொரு வேர். அந்த 'மட்'டில் எல்லாமே எழுத்து. படம் கிடையாது. 1999இல் தொடங்கிய லைவ்ஜர்னல் போன்ற இடங்களில்தான் எழுதுகிறவர் தன் எழுத்தின் ஓரத்தில் நூற்றுக்கு நூறு புள்ளி அளவில் ஒரு சதுரப் படம் வைத்துக்கொள்ளலாம் என்ற வசதி பரவலாயிற்று. சதுரம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அது காலியாகக் கிடக்காது. வரையத் தெரிந்தவர் வரைந்தார். தெரியாதவர், அதாவது பெரும்பாலோர், நடிகர் படத்தை வெட்டி ஒட்டினார். வசதி வழக்கமாயிற்று, வழக்கம் விதியாயிற்று. 2007இல் வந்த டம்ப்ளரில் அசையும் படங்களும் சேர்ந்துகொண்டன. ஒரு தொலைக்காட்சித் தொடரை முழுக்க உட்கார்ந்து பார்த்து, குறிப்பிட்ட நடிகை வரும் ஒவ்வொரு துணுக்கையும் வெட்டி, ஜிஃப்களாக நூற்றுக்கணக்கில் அடுக்கி மற்றவர்களுக்குக் கொடுப்பது ஒரு சேவையாகவே நடக்கிறது. சிரிப்பது தனி, அழுவது தனி, புருவம் தூக்குவது தனி.

இந்தச் சேவைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. எந்த முகத்துக்குத் துணுக்கு அதிகமோ அந்த முகமே திரும்பத் திரும்ப எடுக்கப்படுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் இளம் வெள்ளை நடிகர்களுக்குக் குவியல் குவியலாகக் கிடக்கிறது. கறுப்பு, ஆசிய நடிகர்களுக்குக் கொஞ்சம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட குண்டான பெண்மணிக்கு அநேகமாக ஒன்றுமில்லை. ஆகவே ஒருவர் மீன் விற்கும் கிழவியை எழுத நினைத்து, முகம் கிடைக்காமல் அவளை இருபத்தைந்து வயது ஓவியக்காரியாக்கிவிடுகிறார். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது. இப்படிப்பட்ட ஊர்களில் தபால்காரரிலிருந்து பிணவறைக் காவலர் வரை எல்லோருக்கும் கன்ன எலும்பு கூர்மையாக இருக்கும். கற்பனையின் எல்லை எது என்று கேட்டால் பெரிய பெரிய பதில்கள் சொல்கிறோம். இங்கே எல்லை என்பது யாரோ ஒரு ரசிகர் எத்தனை துணுக்கு வெட்டி வைத்திருக்கிறார் என்பதுதான்.

சரி, இதில் என்ன வம்பு? வேடம் கட்டுவது புதிதா?

கூத்தில் அரிதாரம் பூசிக்கொள்பவரும் மேடையில் நிற்பவரும் ஒரே ஆள். துரியோதனன் கூத்தாடியின் உடம்பின் மேல்தான் இறங்குகிறான். வியர்ப்பதும் மூச்சு வாங்குவதும் அந்த உடம்புதான். சினிமாவிலும் அப்படியே. ஆடுபவர், பாத்திரம் என்று இரண்டு பேர்தான் அங்கே. எழுத்தாட்டத்தில் மூன்று பேர். ஆடுபவர் எங்கோ ஓர் ஊரில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார், அவர் உடம்பு பிரதியில் இல்லை. பாத்திரம் எழுத்தில் இருக்கிறது. முகம் மூன்றாவது ஒருவருடையது. ஆட்டம் நடக்கிறது என்பதே தெரியாத ஒருவர் அவர். அரிதாரத்தை அவருக்குப் பூசிவிட்டு ஆடுவது இன்னொருவர். இந்த மூன்றாமவரைப் பற்றி ஆட்டத்தின் சொல்லாடலுக்குள் பேச்சே வராது. பட்டியலில் 'உரிமை' என்ற சொல் வருகிறது, 'திருட்டு' என்ற சொல்லும் வருகிறது. ஒரு ஆட்டக்காரர் எடுத்த முகத்தை இன்னொரு ஆட்டக்காரர் எடுத்துவிட்டால்தான் அது திருட்டு.

கேட்டால் சொல்லும் பதில் ஒன்றுதான். "மூஞ்சிய மட்டும்தானே எடுத்துக்கிறோம், ஆள எடுத்துக்கலையே." அந்த நடிகரின் பெயரையோ குடும்பத்தையோ பேட்டியையோ நாங்கள் தொடுவதில்லை, என் பாத்திரத்துக்கு வேறு பெயர், வேறு ஊர், வேறு அப்பா அம்மா, பார்ப்பவருக்கு மனதில் ஒரு உரு வரட்டும் என்பதற்காக ஒரு படம், அவ்வளவுதான் என்பார்கள். நிஜ மனிதர்களையே, அவர்கள் பெயரிலேயே கதையாக்கும் எழுத்து தனி வகை. எழுத்தாட்டக்காரர்களில் பலர் அதை முகம் சுளித்தே பார்க்கிறார்கள். இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. திரையில் ஒரு நடிகரைக் கொலைகாரனாகப் பார்த்துவிட்டு வெளியே வந்து அவரைக் கொலைகாரன் என்று நாம் நினைப்பதில்லை. முகத்தையும் ஆளையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சியைச் சினிமா நமக்குக் கொடுத்திருக்கிறது.

ஆனால் அவர்களுடைய விதிமுறைகளையே எடுத்து வாசித்தால் வேறு விஷயம் தெரிய வருகிறது. பல குழுக்களில் இறந்துபோனவரின் முகத்தை எடுக்கக்கூடாது. தன் படத்தை இப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் எடுக்கக்கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் முகத்தை வயதுவந்தவர் கதைக்கு எடுக்கக்கூடாது. கொரிய நடிகரின் முகத்தைச் சீனப் பாத்திரத்துக்கு வைக்கக்கூடாது. கறுப்பினத்தவர் முகத்துக்கு வெள்ளை வம்சாவளி எழுதக்கூடாது. ஒரு நடிகர்மேல் பாலியல் குற்றச்சாட்டு வந்தால் அவர் முகம் பட்டியலிலிருந்து வேகமாகக் காலியாகிறது. நல்ல விதிகள்தான், நான் குறை சொல்லவில்லை. கேள்வி வேறு. எடுத்தது முகம் மட்டும் என்றால் முகத்துக்கு ஏது சாவு? படம் சாவதில்லையே. முகத்துக்கும் குற்றச்சாட்டுக்கும் என்ன சம்பந்தம்? மூஞ்சி மட்டும்தான் என்றால் மூஞ்சிக்குப் பாட்டன் பூட்டன் எதற்கு? 'ஆள் வேறு, முகம் வேறு' என்று வாயால் சொல்லிக்கொண்டே அவர்கள் எழுதி வைத்திருக்கும் ஒவ்வொரு விதியும் முகத்தின் பின்னாலேயே ஆள் ஒட்டிக்கொண்டு வருகிறார் என்பதை ஒப்புக்கொள்கிறது. கோட்பாட்டைவிட நடைமுறை கெட்டி. வெளியிலிருந்து நாம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டிய மறுப்பு எதுவும் இல்லை, அவர்கள் விதிகளுக்குள்ளேயே அது இருக்கிறது.

ஏன் ஒட்டிக்கொண்டு வருகிறார்? சார்ல்ஸ் சாண்டர்ஸ் பெர்ஸ் குறிகளை மூன்றாகப் பிரித்தார் என்பது அமைப்பியலோடு கொஞ்சம் பழகியவர்களுக்குத் தெரியும். ஓவியம் போல ஒப்புமையால் குறிப்பது ஒன்று. சொல் போல வழக்கத்தால் குறிப்பது ஒன்று. புகை நெருப்பைக் காட்டுவதுபோல, காலடித் தடம் நடந்தவனைக் காட்டுவதுபோல, தொடர்பால் குறிப்பது மூன்றாவது. இதைச் சுட்டுக்குறி என்போம். ஒளிப்படம் பார்வைக்கு முதல் வகை மாதிரி இருந்தாலும் அது மூன்றாவது வகையும்கூட. அந்த உடம்பில் பட்ட ஒளிதான் படத்தில் இருக்கிறது. ரோலான் பார்த் ஒளிப்படத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான்: இப்படி ஒருவர், இப்படி ஒரு கணத்தில், இருந்தார். கற்பனைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒளிப்படத்தை வைக்கிறபோது 'இவள் இல்லாதவள்' என்று எழுத்து சொல்கிறது. 'இவள் இருந்தவள்' என்று படம் சொல்கிறது. ஆடுபவர்களுக்கு வேண்டியிருப்பது இந்த இரண்டாவது குரலின் பலம்தான். கோட்டோவியம் அந்தப் பலத்தைத் தராது. அதனால்தான் வரையத் தெரிந்தவர்கள்கூடப் பல நேரம் படத்தைத் தேடிப் போகிறார்கள்.

இந்த இடத்தில் தமிழ் படித்தவனுக்கு அகத்திணையியல் நினைவுக்கு வராமல் போகாது. அகத்தில் வரும் மாந்தரை இன்னார் என்று பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்கிறார் தொல்காப்பியர். தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற பாத்திரங்கள் உண்டு, பெயர் கிடையாது. அகப்பாடலில் அரசர்கள் பெயரோடு வருவார்கள், ஊர்கள் பெயரோடு வரும், ஆனால் உவமையாகவோ இடமாகவோ வருவார்கள். காதலிப்பவருக்கு மட்டும் பெயர் இல்லை. காரணம் நூற்பாவில் இல்லை. வகுப்பில் 'உலகப் பொதுமை' என்று ஒரு வரியில் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டுப் போய்விடுவோம். எனக்கு அதில் இன்னொன்றும் படுகிறது: அந்தரங்கத்தைப் பேசும் எழுத்து யாரையும் கைகாட்டக்கூடாது என்ற ஒரு கூச்சம், ஒரு கண்ணியம். ஊரில் அலர் பரவுவதைப் பற்றி அத்தனை பாடல்கள் பாடிய மரபு, தானே அலராகிவிடக்கூடாது என்று பார்த்துக்கொண்டது.

எவ்வளவு கறாராகப் பார்த்துக்கொண்டது என்பதற்கு நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய 188 அடிகள். வாடைக்காலம், தனித்திருக்கும் அரசி, உறக்கமில்லாத இரவு என்று பெரும்பகுதி அகமாகவே நடக்கிறது. பாசறையில் அரசன் இரவில் உலவும் இடத்தில் ஒரு வேலில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆகவே ஆள் சுட்டப்பட்டுவிட்டான், ஆகவே இது புறம் என்பது நச்சினார்க்கினியர் தரப்பு. பெயர்கூட இல்லை, ஓர் அடையாளப்பூதான். அது போதும், பாட்டின் திணையே மாறிவிடுகிறது. உரையாசிரியர் சொன்னதை ஏற்காதவர்கள் உண்டு, அந்த விவாதம் இங்கே வேண்டாம். ஒரு வேப்பங்கொத்துக்கே இவ்வளவு சுட்டும் வலு இருக்கும் என்று ஒரு வாசிப்பு மரபு நினைத்ததென்றால், கண்ணும் மூக்குமாக ஒரு முழு முகம் எவ்வளவு சுட்டும்? எழுத்தாட்டம் பெரும்பாலும் அகம்தான். காதல், பிரிவு, துரோகம், படுக்கை. அந்த அகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் வேம்பு கட்டியிருக்கிறது.

நடிகர்களைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். நடிகர் தன் முகத்தை வேறொருவராகக் காட்டச் சம்மதித்தவர். அதுவே அவர் தொழில். லெவ் குலெஷோவ் 1910களின் இறுதியில் செய்த பரிசோதனை என்று சினிமா வகுப்பில் தவறாமல் சொல்லப்படுவது ஒன்று உண்டு: இவான் மொஸ்ஜுகின் என்ற நட்சத்திரத்தின் சலனமற்ற முகத்தை எடுத்து, ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று மாறி மாறிப் பக்கத்தில் ஒட்டினார், பார்த்தவர்கள் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் அதே முகத்தில் கண்டார்கள். மொஸ்ஜுகின் இதற்காக நடிக்கவில்லை; கையிலிருந்த பழைய படத்துண்டு அது. எழுத்தாட்டத்தின் இலக்கணம் முழுவதும் இந்த ஒட்டுவேலைதான். ஒரு நடிகை ஏதோ ஒரு தொடரில் ஏதோ ஒரு அப்பா செத்ததற்கு அழுத துணுக்கு, இன்னொரு கதையில் இன்னொரு துக்கத்தின் மெய்ப்பாடாகிறது. அவள் உழைப்பு அது, கூலி கிடையாது என்று ஒரு மார்க்சிய நண்பர் சொல்வார். சொல்லட்டும். ஆனாலும் அந்த அழுகை ஏற்கெனவே வேடம். வேடத்தை இரவல் வாங்குவதற்கும் ஆளை இரவல் வாங்குவதற்கும் தூரம் இருக்கிறது. நிஜ ஆளைப் பாத்திரமாக்குவதிலும் பழைமை உண்டு. 1826இல் பிராண்டே வீட்டுக் குழந்தைகளுக்கு அப்பா மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தபோது சார்லட் தன் பொம்மைக்கு வெலிங்டன் கோமகன் என்று பெயர் வைத்தாள். அப்போது உயிரோடிருந்த கோமகனை வைத்து அவளும் தம்பி தங்கைகளும் வருடக்கணக்கில் கதை வளர்த்தார்கள். வெலிங்டனுக்கு இதனால் ஒரு மயிரிழை நஷ்டமும் இல்லை. புகழ் என்பதே ஓரளவு பிறர் கற்பனைக்குத் தன்னைத் திறந்து வைப்பதுதான்.

வழி பிறழ்வது வேறு இடத்தில். துணுக்குகள் அதிகமுள்ள முகங்கள் எல்லாம் எடுக்கப்பட்டுவிட்ட பட்டியலில், புதிதாக வருகிறவர் 'யாருக்கும் தெரியாத முகம்' தேடுகிறார். நடிகர் முகத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. பார்ப்பவருக்குப் பழைய படங்கள் நினைவுக்கு வந்து கதையைக் கெடுக்கும். தெரியாத முகம் சுத்தமான பலகை. ஆகவே இன்ஸ்டகிராமில் தன் படங்களை நிறையப் போட்டிருக்கும் கல்லூரி மாணவி, உள்ளூர் மாடல், கடைசியில் குழந்தைகள்.

2014இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் இந்தக் கடைசி விஷயம் வெளியே வந்தது. இன்ஸ்டகிராமில் பெற்றோர் போட்ட குழந்தைப் படங்களைச் சிலர் எடுத்து, அந்தக் குழந்தைக்குப் புதுப் பெயர் வைத்து, புது வயது, புதுக் குணம் எழுதி, தாமே அம்மாவாகவோ சில நேரம் குழந்தையாகவோ பேசி ஆடிக்கொண்டிருந்தார்கள். 'தத்தெடுப்பு நிலையங்கள்' என்ற பெயரில் கணக்குகள் இருந்தன. இன்ன நிறக் கண், இன்ன வயது, பெண் குழந்தை வேண்டும் என்று கேட்டால் அதற்கேற்ற ஒரு படம் பார்த்துக் கொடுப்பார்கள். ஆடியவர்களில் பலர் சிறு பெண்கள் என்றே தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு 'வக்கிரம்' என்று கூச்சல் போடுவது சுலபம். சில இடங்களில் அப்படியும் போயிற்று. ஆனால் பெரும்பகுதி நம் தெருக்களில் செப்புச் சாமான் வைத்து ஆடும் அப்பா அம்மா விளையாட்டுத்தான். பசிக்குது, பால் குடு, தூங்கு. மரப்பாச்சிக்குப் பதில் ஒரு நிஜக் குழந்தை. மரப்பாச்சிக்கு வேறொரு அம்மா கிடையாது. இந்தக் குழந்தைக்கு உண்டு. அவளும் அதே கைபேசியில், அதே செயலியில் உலவுகிறாள். ஒருநாள் தன் மகனை வேறொரு பெயரில், அநாதையாக, தத்துக்குக் காத்திருப்பவனாகப் பார்க்கிறாள். கதை என்று எழுதியவளுக்குத் தெரியும்; இவளுக்கும் இரண்டாம் வாசிப்பில் தெரியும். முதல் வாசிப்பில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதைக்கும் செய்திக்கும் நடுவே இருக்கும் சுவர் உள்ளே ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். படமோ சுவருக்கு வெளியேயும் நடமாடுகிறது.

பார்த் 1980இல் வெளிவந்த ஒளிப்பட நூலில் தன் தாய் ஐந்து வயதுச் சிறுமியாக ஒரு கண்ணாடிக்கூரைத் தோட்டத்தில் நிற்கும் படத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறார். நூலில் வேறு படங்கள் உண்டு, அந்தப் படம் மட்டும் இல்லை. உங்களுக்கு அது இன்னொரு சாதாரணப் படமாகத்தான் இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். எழுத்தாட்டத்துக்கு வேண்டிய கச்சாப்பொருள் சரியாக அதுதான்: ஒருவருக்கு உயிராகவும் மற்ற எல்லோருக்கும் சாதாரணமாகவும் இருக்கும் படம். நமக்கு எதையும் சொல்லாத முகம் என்பதால்தான் அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் அபிகெய்ல் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் படத்தை, அவளைக் கேட்காமல், ஒரு மாவு விளம்பரத்தில் 25,000 பிரதி அடித்துக் கடைகளிலும் மதுச்சாலைகளிலும் ஒட்டிவிட்டார்கள். மேலே 'குடும்பத்தின் மாவு' என்று வாசகம். ஆங்கிலத்தில் மாவுக்கும் பூவுக்கும் ஒரே ஒலிப்பு, அந்தச் சிலேடை. அவள் வழக்குப் போட்டாள். 1902இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அவளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அப்படி ஒரு உரிமை சட்டத்தில் இல்லை. தவிர, அழகைப் பாராட்டியதாக வேறு சிலர் மகிழ்ந்திருப்பார்கள் என்ற தொனியில் தலைமை நீதிபதி ஆல்டன் பார்க்கர் எழுதியிருந்தார். மக்கள் கொதித்ததில் 1903இல் அந்த மாநிலம் ஒரு சட்டமே கொண்டுவந்தது. விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ ஒருவரின் பெயரையும் படத்தையும் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பயன்படுத்தக்கூடாது. அடுத்த வருஷம் அதே பார்க்கர் ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர். படக்காரர்கள் வீட்டைச் சுற்றி வருகிறார்கள், நிம்மதி இல்லை என்று அவர் சலித்துக்கொண்டபோது ராபர்சன் பத்திரிகைக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினாள்: அப்படி ஒரு உரிமை கிடையாது என்று எனக்குச் சொன்னவர் நீங்கள்தானே என்று. இந்தக் கடிதத்துக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் 1903இன் அந்தச் சொற்களைக் கவனியுங்கள்: விளம்பரம், வியாபாரம். காசு புரண்டால்தான் முகத்துக்குச் சட்டம். நம் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல், ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய ஓர் இந்திப் படத்துக்கு எதிராகப் போட்ட வழக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னபோதும், ஆளுமை உரிமை பிரபல நிலையை எட்டியவர்களுக்கு உரியது என்றுதான் சொன்னது. எழுத்தாட்டத்தில் யாரும் காசு வாங்குவதில்லை. எடுக்கப்படும் கல்லூரிப் பெண் பிரபலமும் இல்லை. காப்புரிமை என்று போனால் அது பொதுவாகப் படம் எடுத்தவருக்கு, படத்தில் இருப்பவருக்கு அல்ல. ஆக, ரஜினிக்கு வழி இருக்கிறது, ரஜினி அல்லாத நமக்கு வழி குறுகல். நான் மேலே நடிகர்களுக்கு ஒன்றும் பெரிய நஷ்டமில்லை என்றும் தெரியாத முகங்களுக்குத்தான் ஆபத்து என்றும் சொன்னதை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறது சட்டம்.

இப்போது கணினியே முகம் செய்து தருகிறது, பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். என்விடியா ஆய்வாளர்கள் 2018 டிசம்பரில் வெளியிட்ட முறையை வைத்து 2019 பிப்ரவரியில் ஒரு தளம் வந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உலகில் இல்லாத ஒரு புது முகம். எழுத்தாட்டக் குழுக்கள் சில இத்தகைய முகங்களை அனுமதிக்கின்றன, சில கதவைச் சாத்திவிட்டன. அந்த எந்திரத்துக்கு முகம் என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்கப் பயன்பட்டவை ஃப்ளிக்கரிலிருந்து திரட்டிய 70,000 படங்கள்; படம் போட்டவர்கள் தாராள உரிமத்தில் போட்டவை. படத்தில் இருந்தவர்களைத் தனியே கேட்கவில்லை. பிறந்தநாள் கேக் வெட்டியவர், கல்யாணத்தில் சிரித்தவர் எல்லோரும் அரைத்த மாவில் இருக்கிறார்கள். மறுபடி மாவு. இருந்தாலும் ஒரு சிறுமியின் படத்தைத் தூக்கிக்கொண்டு போவதைவிட இது மேல் என்றுதான் எனக்குப் படுகிறது, ஏனென்றால் இந்த முகம் குறிப்பாக எவரையும் கைகாட்டவில்லை. என்ன, ஆடுபவர்கள் ஒளிப்படத்திடம் தேடிப் போன அந்த 'இருந்தாள்' என்ற பலம் இதில் கிடையாது. இருந்ததுபோல ஒரு மினுக்கம் உண்டு. அது எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

நடுவில் முகத்தை மாற்றிக்கொள்வதும் இந்த ஆட்டத்தில் சகஜம். நடிகர் பேரில் ஏதாவது வழக்கு வந்திருக்கும், துணுக்குகள் தீர்ந்திருக்கும், அல்லது சும்மா அலுத்துப் போயிருக்கும். இன்று முதல் என் பாத்திரத்துக்கு இன்னார் முகம் என்று ஒரு வரி அறிவிப்பு. மற்றவர்கள் சரி என்றுவிட்டுத் தொடர்ந்து எழுதுவார்கள். கதைக்குள் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கணவனுக்குத் தெரியாது, பெற்ற தாய்க்கும் தெரியாது. நான் வாசித்த ஒரு நீண்ட ஆட்டத்தில் ஒரு பெண் பாத்திரம் இப்படி மூன்று முகங்களைத் தாண்டி வந்திருந்தாள். ஓரத்துச் சதுரத்தில் படத்தை மாற்றினால் பழைய பக்கங்களிலும் தானாகவே மாறிவிடும், ஆகவே முதல் பக்கத்திலிருந்தே மூன்றாவது முகம்தான் இருந்தது. எழுத்தை யாரும் திருத்தவில்லை. அவள் மழையில் நனைந்து வந்து நிற்கும் இடத்தில் அவளுடைய நீலக் கண்களைப் பற்றி நான்கு வரி. பக்கத்துச் சதுரத்தில் பழுப்புக் கண்களோடு ஒரு பெண் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.